கென்யாவா, தான்சானியாவா: இரண்டு நாடுகளின் வாழ்க்கை நிலையைத் தவறில்லாமல் ஒப்பிடுவது எப்படி?

கென்ய அரசின் கணக்குப்படி 2015-16இல் அந்நாட்டு மக்களில் 36.1 விழுக்காட்டினர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தனர். தான்சானிய அரசின் கணக்குப்படி 2017-18இல் அங்கே 26.4 விழுக்காட்டினர். இந்த இரண்டையும் அருகருகே வைத்து, தான்சானியாவில்தான் வறுமை குறைவு என்று முடித்துவிடுபவர்கள் நிறையப் பேர். உலக வங்கியின் நாளொன்றுக்கு 2.15 டாலர் கோட்டை வைத்துப் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது: கென்யா சுமார் 36, தான்சானியா சுமார் 45. (கென்யாவுக்கு இரண்டு இடத்திலும் 36 என்று வருவது தற்செயல். இரண்டும் வேறு கோடு, வேறு ஆண்டு.)

இதில் பொய்க் கணக்கு எதுவும் இல்லை. ஒவ்வோர் எண்ணும் வேறொரு கேள்விக்கான பதில். ஆகவே எந்த எண்ணை எதனோடு வைக்கலாம், எதனோடு வைக்கவே கூடாது என்று தெரிந்துகொள்வதுதான் இந்த வேலையில் பாதி. இந்த இரண்டு நாடுகளையே எடுத்துக்கொண்டு அதைப் படிப்படியாகப் பார்க்கலாம். கானா, ஐவரி கோஸ்ட் போன்ற வேறு இரண்டு நாடுகளை ஒப்பிடவும் முறை இதுவேதான்.

யாருடைய வாழ்க்கை?

முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த ஊரில், எப்படிப்பட்ட குடும்பம்? கென்யத் தலைநகர் நைரோபியில் மாதச் சம்பளக்காரர் வீட்டையும் தான்சானியாவின் பெருநகரான தார் எஸ் சலாமில் அதே நிலையில் உள்ள வீட்டையும் ஒப்பிடுவது ஒரு வேலை. மக்காச்சோளம் பயிரிடும் இரண்டு கிராமக் குடும்பங்களை ஒப்பிடுவது வேறு வேலை. இதை முடிவு செய்யாமல் நாட்டுச் சராசரியில் தொடங்கினால், கடைசியில் எங்குமே இல்லாத ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதி முடிப்பீர்கள்.

கென்யாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு வறண்ட அல்லது அரைவறண்ட நிலம். 2022ஆம் ஆண்டின் மக்கள்தொகை, உடல்நலக் கணக்கெடுப்பில் சோமாலிய எல்லையோர மண்டேரா மாவட்டத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 7.7 குழந்தைகள். நைரோபியில் 2.5. நாட்டுச் சராசரியோ கென்யாவில் 3.4, தான்சானியாவில் 4.8. இடையே உள்ள தூரம் 1.4தான். உள்நாட்டு வேறுபாடு எல்லை தாண்டிய வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கும் இடங்களில் நாட்டுச் சராசரி மட்டும் போதாது. கென்யாவில் 47 மாவட்டங்களுக்கும் தனித்தனி எண்கள் கிடைக்கும். தான்சானியாவில் மண்டல வாரியாகக் கிடைக்கும். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தான்சானியாவில் இன்னொரு கண்ணி உண்டு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்த 6.17 கோடிப் பேரில் சுமார் 19 லட்சம் பேர் அந்நாட்டின் தீவுப் பகுதியான சான்சிபாரில் இருக்கிறார்கள். சான்சிபாருக்குத் தனிப் புள்ளியியல் அலுவலகம், தனிக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு. மேலே சொன்ன 26.4 விழுக்காடு பெருநிலப் பகுதிக்கு மட்டும்தான். ‘தான்சானியா’ என்று தலைப்பிட்ட அட்டவணையில் எது அடங்கியிருக்கிறது என்று அடிக்குறிப்பைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

வறுமைக்கோட்டைப் பிரித்துப் பாருங்கள்

உள்நாட்டு வறுமை விகிதத்தை எடுத்தால், கூடவே கோட்டின் தொகையையும் எடுங்கள். தான்சானியாவில் 2017-18இல் ஒரு வயது வந்தவருக்கு மாதம் 49,320 தான்சானிய ஷில்லிங். அன்றைய மாற்று விகிதத்தில், டாலருக்குச் சுமார் 2,250 என்று வைத்தால், 22 டாலர். கென்யாவில் 2015-16இல் கிராமத்துக்கு 3,252 கென்ய ஷில்லிங், நகரத்துக்கு 5,995. டாலருக்கு 100 என்று கொண்டால் முறையே சுமார் 32, 60 டாலர். தான்சானியாவில் கோடு தாழ்வாகப் போடப்பட்டிருக்கிறது. அதனால் அதற்குக் கீழே விழுபவர்களும் குறைவு. விலைவாசி வேறுபாட்டைக் கழித்தாலும் இந்த இடைவெளி முழுதாக மறையாது. உள்நாட்டுக் கோடு ஒரு நாட்டுக்குள் காலப்போக்கை அளக்க நல்லது. எல்லை தாண்டினால் அதற்கு மதிப்பில்லை.

(இரண்டு நாணயத்துக்கும் பெயர் ஷில்லிங். ஒரு கென்ய ஷில்லிங் ஏறத்தாழ 20 தான்சானிய ஷில்லிங். இந்தக் குழப்பத்தால் பாழான அட்டவணைகள் உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் எப்போதும் நாட்டின் பெயரைச் சேர்த்தே எழுதுங்கள்.)

பன்னாட்டுக் கோட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரு சிக்கல். 2.15 டாலர் என்பது 2017ஆம் ஆண்டு வாங்கும் திறன் விலையில், அதாவது நாட்டுக்கு நாடு உள்ள விலைவாசி வேறுபாட்டைச் சரிக்கட்டிய டாலரில், போட்ட கோடு. 2025 ஜூனில் உலக வங்கி அதை 2021 விலையில் 3.00 டாலர் என்று மாற்றியது. பழைய அறிக்கையிலிருந்து ஒரு நாட்டையும் புதிய அறிக்கையிலிருந்து மற்றொன்றையும் எடுத்தால் ஒப்பீடு அங்கேயே கெட்டுப்போகும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே தரவுப் பக்கத்திலிருந்து எடுங்கள். கணக்கெடுப்பு நடந்த ஆண்டையும் குறியுங்கள்: தொடக்கத்தில் சொன்ன 2.15 டாலர் எண்களில் தான்சானியாவுடையது 2018, கென்யாவுடையது 2021. இடையில் கொரோனா வந்து போயிருக்கிறது. கென்யாவின் வடக்கில் மழை பொய்க்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

தலா வருமானம்: எடுக்கலாம், நம்பி நிற்க வேண்டாம்

கென்யாவின் தலா உற்பத்தி தான்சானியாவினதைவிடத் தெளிவாக அதிகம். வாங்கும் திறன் சமநிலையில் பார்த்தாலும் இந்த வரிசை மாறாது. ஆனால் இந்த எண் திடீரென்று குதிக்கக்கூடியது. கென்யா 2014 செப்டம்பரில் கணக்கின் அடிப்படை ஆண்டை (எந்த ஆண்டின் விலையையும் பொருளாதார அமைப்பையும் வைத்துக் கணக்கிடுகிறார்களோ அந்த ஆண்டை) 2001இலிருந்து 2009க்கு மாற்றியபோது, ஒரே நாளில் அதன் பொருளாதாரம் 25 விழுக்காடு பெருத்தது. யாருடைய சாப்பாட்டுத் தட்டிலும் ஒரு கவளம்கூடக் கூடவில்லை. தான்சானியாவும் அதே ஆண்டு அடிப்படை ஆண்டை 2007க்கு நகர்த்தியது. எனவே பத்தாண்டு வளர்ச்சியை ஒப்பிடும்போது, திருத்திய பழைய எண்களையும் சேர்த்துத் தரும் ஒரே தொடரை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆயுட்காலம், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து ஐ.நா. போடும் மனித மேம்பாட்டுக் குறியீட்டைப் பிரித்துப் பார்த்தால் மட்டும் பயன் உண்டு. 2023ஆம் ஆண்டுக்கான மதிப்பு கென்யாவுக்கு 0.628, தான்சானியாவுக்கு 0.555. ஒட்டுமொத்தத்தில் கென்யா முன்னே. ஆனால் ஆயுட்காலம் என்ற ஒரு கூறில் தான்சானியா சுமார் 67, கென்யா 64க்கும் சற்றுக் குறைவு. ஆயுட்காலக் கூறைக் கணக்கிட, ஆண்டில் 20ஐக் கழித்து 65ஆல் வகுக்க வேண்டும். கென்யாவுக்கு 0.67, தான்சானியாவுக்கு 0.72 வரும். கல்வியும் வருமானமும்தான் கென்யாவை மேலே தூக்குகின்றன. மொத்த மதிப்பை மட்டும் எழுதுபவருக்கு இந்தச் சங்கதி கண்ணில் படாது.

பலமான அடித்தளம் வீடுவீடாக எடுத்த கணக்குதான்

இரண்டு நாடுகளிலும் 2022இல் ஒரே வகையான மக்கள்தொகை, உடல்நலக் கணக்கெடுப்பு நடந்தது. கேள்வித்தாள், வரையறை, அளவிடும் கருவி எல்லாம் ஏறக்குறைய ஒன்று. இப்படி ஒரே ஆண்டில் அமைவது அபூர்வம். உங்கள் ஒப்பீட்டை இதன் மேல் எழுப்புங்கள். மற்றதையெல்லாம் இதன் பக்கத்தில் துணைக்கு வையுங்கள்.

ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள், ஆயிரத்துக்கு: கென்யா 41, தான்சானியா 43. மாதிரிக் கணக்கெடுப்பின் பிழை வரம்பை வைத்துப் பார்த்தால் இது சமம். ‘கென்யா சற்று மேல்’ என்று எழுதாதீர்கள். இரண்டு, மூன்று புள்ளி வேறுபாடு வந்தாலே அறிக்கையின் பின்னிணைப்பில் உள்ள நம்பக இடைவெளியை (உண்மையான எண் இருக்கக்கூடிய வரம்பை) பாருங்கள். இரண்டு இடைவெளிகளும் ஒன்றன்மேல் ஒன்று பெரிதாகப் படிந்தால் சமம் என்றே எழுதுங்கள்.

வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள்: கென்யா 18 விழுக்காடு, தான்சானியா 30. இது பிழை வரம்புக்குள் அடங்காத, உண்மையான வேறுபாடு. இங்கே நின்று யோசிக்க வேண்டும். தான்சானியா தனக்கு வேண்டிய மக்காச்சோளத்தைப் பெரும்பாலும் தானே விளைத்துக்கொள்கிறது. கென்யா அதனிடமும் உகாண்டாவிடமும் வாங்குகிறது. அப்படியிருந்தும் குழந்தைகள் வளர்த்தி குன்றியிருப்பது தான்சானியாவில்தான் அதிகம். அதிலும் தானியக் களஞ்சியமான தெற்கு மேட்டுநிலத்தில் மிக மோசம்: இரிங்காவில் பாதிக்கும் மேல், இஞ்சோம்பேயிலும் ருக்வாவிலும் ஏறத்தாழப் பாதி. பால், பயறு, மீன் இல்லாமல் மாவுக் களியே மூன்று வேளையும் உணவாவது ஒரு காரணம். கைக்குழந்தையை விட்டுவிட்டுத் தாய் வயலில் நாள் முழுக்க நிற்பதும், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் மற்றவை. உணவு உற்பத்தியை வைத்து ஊட்டத்தை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. கென்யாவிலும் கடலோரக் கிலிஃபியில் 37 விழுக்காடு. ஏரிக்கரைக் கிசுமுவில் 9.

பேறுகால இறப்பில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். தான்சானியாவின் 2022 கணக்கெடுப்பு லட்சம் பிறப்புக்கு 104 என்றது. அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் 556. கென்யாவின் 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 355. ஐ.நா. அமைப்புகளின் 2020க்கான மதிப்பீட்டிலோ தான்சானியா 238, கென்யா 530. மக்கள்தொகை, உடல்நலக் கணக்கெடுப்பில் பெண்களிடம் அவர்களுடைய உடன்பிறந்த சகோதரிகள் பேறுகாலத்தில் இறந்தார்களா என்று கேட்பார்கள். மாதிரியில் அப்படி அகப்படும் இறப்புகள் மிகக் கொஞ்சம். நாலைந்து கூடினாலோ குறைந்தாலோ எண் தாறுமாறாக ஆடும். ஐ.நா. மதிப்பீடு பல மூலங்களைச் சேர்த்துக் கணித மாதிரியில் போடுவது. ஒரு நாட்டுக்கு ஒரு வகை, மற்றதற்கு வேறு வகை என்று எடுத்தால் நான்கு விதமான ‘உண்மை’ கிடைக்கும். தான்சானியாவின் பழைய 556ஐ கென்யாவின் 355ஓடு வைத்தால் வரிசையே தலைகீழாகும். அண்மைய எண்களில் மட்டும், எந்த வகையை எடுத்தாலும், தான்சானியாவில் குறைவு என்ற வரிசை மாறவில்லை. அந்த வரிசையை மட்டும் சொல்லுங்கள், எத்தனை மடங்கு என்று சொல்லாதீர்கள்.

மின்சாரம், தண்ணீர்: சொல்லின் பொருளைப் பாருங்கள்

கென்யாவின் 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விளக்குக்கு மின்கம்பி இணைப்பை முதன்மையாகப் பயன்படுத்திய வீடுகள் 50.4 விழுக்காடு, சூரிய விளக்கு 19.3. பன்னாட்டு அட்டவணைகளில் ‘மின்வசதி பெற்றோர்’ என்று வரும் எண் இந்த இரண்டையும் சேர்த்ததற்கு அருகில் நிற்கும். ஒரு சூரிய விளக்கும் கைப்பேசிக்கு மின்னேற்றும் வசதியும் உள்ள வீடும், குளிர்பதனப் பெட்டி ஓடும் வீடும் அந்த எண்ணில் ஒன்றுதான். தான்சானியாவில் மின்வசதி பெற்றோர் 2022இல் மக்கள்தொகையில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆனால் கிராம இணைப்புகள் வேகமாகக் கூடிவருகின்றன. ரூஃபிஜி ஆற்றில் 2,115 மெகாவாட் ஜூலியஸ் நைரேரே அணை 2024இல் மின்சாரம் தரத் தொடங்கியிருக்கிறது. பழைய எண்ணைத் தூக்கி வராதீர்கள்.

தண்ணீரில் ‘அடிப்படை’ என்றால், பாதுகாக்கப்பட்ட மூலத்திலிருந்து போய்வர 30 நிமிடத்துக்குள் எடுத்துவர முடிவது. ‘பாதுகாப்பாக நிர்வகிக்கப்பட்டது’ என்றால் வீட்டு வளாகத்திலேயே, வேண்டும்போது, மாசில்லாமல் கிடைப்பது. முதல் படியில் இரண்டு நாடுகளும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில், ஐந்தில் மூன்று பங்கு அளவில் இருக்கின்றன. நகரத்தில் குழாய் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், வாரத்தில் எத்தனை நாள் தண்ணீர் வருகிறது என்று கேளுங்கள். நைரோபியில் பகுதிவாரி முறை வைத்துத்தான் விடுகிறார்கள். கிபேரா போன்ற குடிசைப் பகுதிகளில் 20 லிட்டர் குடத்துக்குக் கொடுக்கும் காசை லிட்டருக்கு வகுத்தால், குழாய் இணைப்பு உள்ளவர் கொடுப்பதைவிட ஏழைதான் அதிகம் கொடுக்கிறார். தார் எஸ் சலாமில் ஆழ்துளைக் கிணறு இருந்தாலும் கடலோரம் என்பதால் உப்பு. குடிக்கத் தனியாக வாங்க வேண்டும்.

சந்தை விலை: நேரே எடுக்கும் முறை

நகரத்துக் குடும்பங்களை ஒப்பிடுவதானால் இந்தப் பகுதியைத் தவிர்க்க முடியாது. இணையத்தில் கிடைக்கும் ‘வாழ்க்கைச் செலவு’ப் பட்டியல்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர் வாழும் பேட்டைகளின் விலைகள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு மாதக் கூடையை இப்படி வைக்கலாம்: மக்காச்சோள மாவு 20 கிலோ, அரிசி 10, பீன்ஸ் பயறு 5, சர்க்கரை 4, சமையல் எண்ணெய் 3 லிட்டர், பால் 15 லிட்டர், தக்காளி 6 கிலோ, கீரை நாள்தோறும் ஒரு கட்டு, 6 கிலோ எரிவாயு உருளை ஒன்றோடு தேவைக்குக் கரி, மின்சாரம் 60 அலகு, தண்ணீர் 4,000 லிட்டர், பேருந்துப் பயணம் 44.

தவறுகள் வரும் இடங்கள் இவை. கென்யாவில் மாவு 2 கிலோ பொட்டலம். தான்சானியாவில் பெரும்பாலும் கிலோ கணக்கில் சில்லறை. தான்சானியாவில் ‘செம்பே’ என்பது தவிடு நீக்கிய மாவு, ‘தோனா’ தவிட்டோடு அரைத்தது. கென்யப் பொட்டலத்தின் சலித்த மாவோடு செம்பேயைத்தான் வைக்க வேண்டும். மொத்த விலையானால், கென்யாவின் மக்காச்சோள மூட்டை 90 கிலோ, தான்சானியாவுடையது 100. அங்கே ‘லும்பேசா’ என்று வாய்க்கு மேலே கும்பமாகக் கட்டிய மூட்டையும் உண்டு. அதை எடை போடாமல் கணக்கில் எழுதாதீர்கள். சந்தையில் தகரடப்பாவால் அளந்து விற்பதையும் ஒரு தடவையாவது தராசில் வைத்துப் பாருங்கள்.

அறுவடைக் காலம் இன்னொன்று. தான்சானியாவின் தெற்கு மேட்டுநிலத்தில் மக்காச்சோளம் மே முதல் ஆகஸ்ட் வாக்கில் வருகிறது. கென்யாவின் வடக்கு ரிஃப்ட் பகுதியில் அக்டோபருக்குப் பிறகு. ஜூலையில் இரண்டு ஊரிலும் விலை எடுத்தால் ஒருவரின் மலிவுக் காலத்தையும் மற்றவரின் பஞ்ச காலத்தையும் ஒப்பிடுகிறீர்கள். 12 மாதச் சராசரி எடுங்கள். முடியாவிட்டால் அறுவடைக்குப் பின் ஒன்று, அறுவடைக்கு முன் ஒன்று என்று இரண்டு தடவை.

பேருந்துக் கட்டணம்: தார் எஸ் சலாமின் டாலாடாலா என்ற தனியார் சிற்றுந்துகளுக்கு அரசு ஒழுங்குமுறை அமைப்பு கட்டணம் குறிக்கிறது. நைரோபியில் மட்டாட்டு என்று ஓடும் அதே வகை வண்டிகளுக்கு அப்படியில்லை. காலை நெரிசலில் ஏறும், மதியம் இறங்கும், மழை பெய்தால் இரட்டிப்பாகும். மூன்று வெவ்வேறு வேளையில் குறித்துச் சராசரி போடுங்கள்.

மின் கட்டணத்தில், தான்சானியாவில் மாதம் 75 அலகுக்குள் நிற்கும் வீடுகளுக்கென்று சலுகைப் படி உண்டு. கென்யாவில் 30, 100 என்று படிகள். நம் கூடையின் 60 அலகு ஒரு நாட்டில் சலுகைக்குள்ளும் மற்ற நாட்டில் வெளியிலும் விழும். கூடையில் 80 என்று மாற்றிப் பாருங்கள், முடிவு எவ்வளவு நகர்கிறது என்று தெரியும். போதாததற்கு நைரோபி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மின்விசிறியே இல்லாத வீடுகள் ஏராளம். தார் எஸ் சலாமில் விசிறி இல்லாமல் தூங்க முடியாது. கொசுவலையும் மலேரியா மருந்தும் அந்தக் குடும்பத்தின் செலவில் வரும். நைரோபியில் அது அநேகமாக இல்லை.

வாடகையைப் பொறுத்தவரை தொகையைவிட அதைக் கட்டும் முறைதான் ஆளை முறிக்கும். நைரோபியில் ஒன்றிரண்டு மாத முன்பணம் கொடுத்து மாதாமாதம் கட்டுவது வழக்கம். தார் எஸ் சலாமில் ஆறு மாத வாடகையை, சில இடங்களில் ஓர் ஆண்டு வாடகையை, ஒரேயடியாகக் கேட்பார்கள். மாத வாடகை குறைவாகத் தெரிந்தாலும் அந்தப் பணத்தைக் கடன் வாங்கும் வட்டியையும் சேர்த்தால்தான் உண்மை வாடகை.

கூடைச் சிக்கலுக்கு ஒரு பழைய தீர்வு இருக்கிறது. நைரோபிக் குடும்பம் மாவும் கீரையும் அதிகம் சாப்பிடும். தார் எஸ் சலாமில் அரிசியும் மீனும் அதிகம். ஒரே கூடையை இரண்டு ஊருக்கும் திணித்தால் கூடைக்குச் சொந்தமான ஊர் பெரும்பாலும் இருப்பதைவிட மலிவாகத் தெரியும். எனவே இரண்டு கூடைகள் போட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு ஊரிலும் விலை பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு, விலைகளை ஒரே நாணயத்துக்கு மாற்றியபின் தார் எஸ் சலாம் கூடையில் நைரோபி 1.25 மடங்கு, நைரோபிக் கூடையில் 1.05 மடங்கு என்று வந்தால், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 1.15. அதுவே உங்கள் விலை விகிதம்.

சம்பளம் என்றால் கைக்கு வருவது

மொத்தச் சம்பளத்தை ஒப்பிட வேண்டாம். கென்யாவில் வருமான வரியின் மேல்படி 35 விழுக்காடு. அதோடு 2024 முதல் சமூக உடல்நலக் காப்பீட்டுக்கு 2.75, வீட்டுவசதித் தீர்வைக்கு 1.5, ஓய்வூதிய நிதிக்குத் தனி. தான்சானியாவில் மேல்படி 30. மதிப்புக் கூட்டு வரி கென்யாவில் 16, தான்சானியப் பெருநிலத்தில் 18. ஆனால் எந்தப் பொருளுக்கு விலக்கு என்பது வேறுபடுவதால் இதைத் தனியாகக் கூட்டாதீர்கள். கடை விலையில் அது ஏற்கெனவே இருக்கிறது. பிடித்தங்கள் போக வரும் இரண்டு தொகைகளையும் ஒரே நாணயத்துக்கு மாற்றி, நைரோபித் தொகையை மட்டும் மேலே கண்ட விலை விகிதத்தால் வகுத்தால், சம்பளக்காரர் ஒப்பீடு முடிந்தது. இரண்டு நாடுகளிலும் பெரும்பாலோர் சம்பளச் சீட்டு இல்லாத வேலையில் இருப்பவர்கள். அவர்களுக்கு வருமானத்தைக் கேட்பதைவிடச் செலவைக் கேட்பதுதான் சரியாக வரும்.

பள்ளிச் செலவைக் கூடையில் சேர்ப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். தொடக்கக் கல்விக்குக் கட்டணத்தைத் தான்சானியா 2002இலும் கென்யா 2003இலும் நீக்கின. ஆனால் சீருடை, உணவு, தேர்வு, விடுதி ஆகியவற்றுக்குப் பெற்றோர்தான் கொடுக்கிறார்கள். மொழியும் ஒரு செலவு: தான்சானிய அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பாடம் சுவாஹிலியில், உயர்நிலைக்குப் போனதும் ஆங்கிலத்தில். அந்தத் தாவலுக்காகவே ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்குப் பணம் கட்டும் வீடுகள் உண்டு. ‘இலவசக் கல்வி’ என்று இரண்டு நாட்டுக்கும் பூஜ்யம் போட்டால் இந்தத் தொகை கணக்கிலேயே வராது.

அட்டவணை எழுதும்போது ஒவ்வோர் எண்ணுக்கும் நான்கு கட்டங்கள் விடுங்கள்: எண், ஆண்டு, எடுத்தவர், எந்தப் பகுதிக்கு. நான்கில் ஒன்றை நிரப்ப முடியவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். நகரம், கிராமம் என்று பிரித்தால் இன்னொரு கட்டம் வேண்டும்: தான்சானியா 2022இல் 34.9 விழுக்காட்டினரை நகரவாசிகள் என்றது, கென்யா 2019இல் 31.2 என்றது. எது நகரம் என்பதற்கு இரண்டும் வைத்திருக்கும் இலக்கணம் ஒன்றல்ல.